ஆர்லாண்டோ, 2,200 டாலர், ஐந்து பேர்: ராணுவ டிக்கெட் வாங்கலாமா, வேண்டாமா?

#1 மருதாணி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் ஜார்ஜியா ஃபோர்ட் ஸ்டூவர்ட்ல இ-5 (சார்ஜென்ட் பதவி), ஆக்டிவ் டியூட்டி. பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 2. மதுரையிலிருந்து அத்தை வந்திருக்காங்க. விசிட்டர் விசா, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். சொந்தக் கார்லதான் போறோம்.

மொத்த பட்ஜெட் 2,200 டாலர். கிரெடிட் கார்டுல ஏத்தி அப்புறம் கட்டுற பேச்சே இல்லை. பிப்ரவரியில பிரெசிடென்ட்ஸ் டே விடுமுறைக்கு யூனிட்ல நாலு நாள் விடுவாங்க, அப்ப டிஸ்னி வேர்ல்டு போயிடலாம்னு யோசனை.

கேள்விகள்: ராணுவக் குடும்பங்களுக்கு டிஸ்னி சலுகை விலையில தர்ற சல்யூட் டிக்கெட் அத்தைக்கும் கிடைக்குமா? ராணுவத்தோட விடுதி ஷேட்ஸ் ஆஃப் கிரீன்ல தங்கறதா, வெளியே ஹோட்டலா? வேற என்ன கவனிக்கணும்?

#2 மூன்றுபட்டை

அத்தைக்குக் கிடைக்கும். டிஸ்னியின் ராணுவ டிக்கெட்டை ஒருவர் ஆறு வரை வாங்கலாம். அதில் ஒன்றை ராணுவத்தில் இருப்பவரோ அவருடைய மனைவியோ பயன்படுத்தியாக வேண்டும். மற்றவை குடும்பத்துக்கோ நண்பர்களுக்கோ போகலாம். அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, டிப்பெண்டன்ட் (ராணுவத்தாரைச் சார்ந்த குடும்பத்தார்) ஐடியும் தேவையில்லை. அத்தையின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

இந்த டிக்கெட் 4, 5, 6 நாள் என்றுதான் வரும். ஒரு நாள், இரண்டு நாள் கிடையாது. குழந்தைகளுக்குத் தனி விலையும் இல்லை, 3 வயது தாண்டிய எல்லாருக்கும் ஒரே விலை. 2 வயதுப் பையனுக்கு எங்கேயும் டிக்கெட் வேண்டாம், ஆக உங்களுக்கு நாலு டிக்கெட். வாங்கினால் பணம் திரும்ப வராது.

முதல் நாள் நீங்களோ அவரோ ஐடியைக் காட்டி ஆக்டிவேட் செய்ய வேண்டும். காலை எட்டு மணிக்கு பார்க் வாசலில் அதற்குப் போய் நிற்காதீர்கள், உள்ளே சீக்கிரம் நுழைகிற லாபம் எல்லாம் அந்த வரிசையிலேயே போய்விடும். முந்தின நாள் மாலையே டிஸ்னியின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் உள்ள கெஸ்ட் ரிலேஷன்ஸில் முடித்துவிடலாம். அங்கே பார்க்கிங்கும் இலவசம்.

அடுத்தது தேதி. பிரெசிடென்ட்ஸ் டே வாரம் பல மாநிலங்களில் பள்ளி விடுமுறை. ஹோட்டல் விலையும் ஏறும், வரிசையும் நீளும். ஜனவரியில் வரும் மார்ட்டின் லூதர் கிங் நாள் முடிந்து பிரெசிடென்ட்ஸ் டே வருவதற்கு முன் இருக்கும் வாரங்களில் திங்கள் முதல் புதன் வரை போக முடியுமா என்று பாருங்கள். மூன்று நாள் லீவ் கழியும். ஆண்டுக்கு வருகிற 30 நாளில் மூன்று போவது, அந்த நெரிசலுக்குக் கொடுக்கிற விலையை விடக் குறைவு என்பது என் கருத்து.

#3 கணக்குப்பிள்ளை

ராணுவ டிக்கெட் விலை வருஷா வருஷம் மாறும். கணக்குக்காக ஆளுக்கு 400 டாலர்னு வச்சுப்போம். நாலு பேருக்கு 1,600. தங்கறது, சாப்பாடு, பெட்ரோல் எல்லாத்துக்கும் சேர்த்து 600 மிச்சம். நாலு நாளுக்கு அது போதாது. இங்கதான் பலர் மாட்டிக்கறாங்க. சலுகை டிக்கெட் நாலு நாளுக்கு இருக்குங்கறதால பயணமும் நாலு நாள் ஆயிடுது, நாலு ராத்திரி ரூம், நாலு நாள் பார்க்கிங், நாலு நாள் சாப்பாடு. ஒரு நாளைக்கு 100 டாலர்தான்னு மனசு சந்தோஷப்படும், பர்ஸ் சந்தோஷப்படாது.

முதல்ல உங்க காசுக்கு எத்தனை நாள் தாங்கும்னு பாருங்க. டிக்கெட் எதுன்னு அப்புறம் பேசலாம்.

#4 கப்பல்தாத்தா

கணக்குப்பிள்ளை தம்பி பாதி சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ராணுவ டிக்கெட்டின் நாலு நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுக்கான சலுகைக் காலம் முடிவதற்குள் எந்த நாலு நாள் வேண்டுமானாலும் போகலாம், தடை நாட்கள் தவிர. ஈஸ்டரையும் கிறிஸ்துமஸையும் ஒட்டி வழக்கமாகத் தடை வரும், வாங்கும்போது அட்டவணையைப் பார்த்துக்கொள்ளவும்.

ஃபோர்ட் ஸ்டூவர்ட்டிலிருந்து ஆர்லாண்டோ சுமார் 250 மைல், நாலு மணி நேர ஓட்டம். டெக்சாஸிலிருந்து வருகிறவனுக்கு இந்த வசதி கிடையாது. பிப்ரவரியில் இரண்டு நாள், செப்டம்பரில் இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளலாமே!

தங்குவதற்கு ஷேட்ஸ் ஆஃப் கிரீனை விடாதே அம்மா. டிஸ்னி வேர்ல்டு எல்லைக்குள்ளேயே ராணுவத்தார் குடும்பங்களுக்கென்று இருக்கிற விடுதி. 1973இல் டிஸ்னியின் கோல்ஃப் விடுதியாகத் தொடங்கியது, 1994இல் ராணுவம் குத்தகைக்கு எடுத்து, 1996இல் வாங்கியே விட்டது. 586 அறைகள். பதவிக்கு ஏற்ப வாடகை. இ-5 என்றால் கீழ்த்தட்டு விலைதான். அறை பெரியது, ஐந்து பேர் படுக்கலாம். விற்பனை வரியும் இல்லை, தங்கும் வரியும் இல்லை. பொதுமக்களுக்குத் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே பார்க்குக்குள் விடுவார்கள். வாசலில் ஐடி பார்ப்பார்கள், அவ்வளவுதான். கணவர் இல்லாவிட்டாலும் மனைவி தன் ஐடியைக் காட்டித் தங்கலாம்.

#5 கணக்குப்பிள்ளை

தாத்தா, பிரிச்சுப் போறது நல்ல யோசனை, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு தரம் போனா ரெண்டு தரம் பெட்ரோல், ரெண்டு தரம் ரூம். போட்டுப் பார்த்தேன்:

டிக்கெட் 1,600. ஒரு தடவைக்கு ரெண்டு ராத்திரி, மொத்தம் நாலு, வரியோட 136 வீதம் 545. பெட்ரோல்: போக வர 500 மைல், உள்ளூர்ல 60, காலனுக்கு 25 மைல், காலன் 3.20ன்னா 72 டாலர், ரெண்டு தடவைக்கு 144. டோல் 30. டிஸ்னி பார்க்கிங் நாளுக்கு 30ன்னு வச்சா 120. சாப்பாடு 300. கூட்டினா 2,739.

வருஷம் முழுக்க வச்சுப் பார்த்தா நாலு நாள் டிஸ்னிக்கு அது மலிவுதான். அவங்ககிட்ட இருக்கறது 2,200. இன்னொண்ணு, செப்டம்பர்ல அத்தை மதுரைக்குத் திரும்பியிருப்பாங்க. நுழையும்போது கைரேகையோட டிக்கெட் கட்டிப்போடுது, அவங்களோட மிச்ச ரெண்டு நாளை வேற யாருக்கும் கொடுக்க முடியாது.

#6 கிசிம்மிக்காரி

ரூம் பத்தி நான் சொல்றேன். ஷேட்ஸ் நல்ல இடம், ஆனா "எப்பவும் அதுதான் மலிவு"ன்னு கண்ணை மூடிட்டு நம்பாதீங்க.

ஒப்பிடுற முறை இதுதான். வெளியே, டிஸ்னி பக்கத்துல 192 ரோட்டுல ஒரு ஹோட்டல்ல ரூம் வாடகை 100 டாலர்னு வச்சுப்போம். அதுக்கு மேல ரிசார்ட் ஃபீ 20ன்னு ஒண்ணு இருக்கும், 2025 மே வரைக்கும் அது கடைசித் திரையிலதான் வந்துச்சு. 120 ஆச்சா? அந்த ரோடு இருக்கற அசியோலா கவுண்டியில வரி 13.5 சதவீதம். 136 ஆயிடுச்சு. ஆரஞ்சு கவுண்டின்னா 12.5. டிஸ்னியோட ஆல்-ஸ்டார் ஹோட்டல்கள்கூட அசியோலா பக்கம்தான், அங்கயும் 13.5. வெளியே தங்கினா டிஸ்னி பார்க்கிங் தனி, 30ன்னு வச்சுப்போம். ஆக, டிஸ்னி போற நாள்ல 100 டாலர் ரூமோட உண்மையான விலை 166.

ஷேட்ஸ்ல வரி கிடையாது, ஆனா அங்கேயும் கார் நிறுத்த ராத்திரிக்கு ஒரு கட்டணம் உண்டு. பார்க்குக்குச் சொந்தக் கார்ல போனா அந்த 30உம் கட்டணும், ஏன்னா டிஸ்னி ஹோட்டல்காரங்களுக்கு இருக்கற இலவச பார்க்கிங் ஷேட்ஸ்காரங்களுக்கு இல்லை. அவங்க பஸ்ல போனா மிச்சம். இந்த ரெண்டையும் சேர்த்துட்டு 166க்குக் கீழ வந்தா ஷேட்ஸ், மேல போனா வெளியே.

உங்களுக்கு நான் சொல்றது அடுப்பு இருக்கற ரூம். சைவம், சின்னக் குழந்தை, வயசானவங்க. காலையில ரெண்டு தோசை ஊத்தினா 40 டாலர் டிபன் மிச்சம். ஆன்லைன்ல தேடறப்ப ராணுவத்தாருக்கான பயண முன்பதிவுத் தளம் அமெரிக்கன் ஃபோர்சஸ் டிராவலையும் பாருங்க, ஆனா அதோட கடைசித் திரை விலையை மத்ததோட கடைசித் திரை விலையோட ஒப்பிடுங்க. "கவர்ன்மென்ட் ரேட்"னு ஒண்ணு கண்ணுல படும், அதை எடுக்காதீங்க. அது அரசாங்க உத்தரவுல (ஆர்டர்) வேலையா போறவங்களுக்கு. கவுன்டர்ல அந்த உத்தரவைக் கேட்டாங்கன்னா முழு விலை போட்டுடுவாங்க.

192ல போறப்ப "டிஸ்னி டிக்கெட் இலவசம்"னு போர்டு போட்ட கடை வரிசையா இருக்கும். டைம்ஷேர் (விடுமுறை வீட்டுல வருஷத்துக்குச் சில நாள் தங்கற பங்கு) விக்கற இடம். 90 நிமிஷம்னு உட்கார வைப்பாங்க, அரை நாள் போகும். ராணுவ சம்பளம் மாசம் தவறாம வரும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும், இளசுகளைப் பார்த்தா விடவே மாட்டாங்க.

#7 மருதாணி

தாத்தா, அண்ணா, அக்கா எல்லாருக்கும் நன்றி. அப்ப ராணுவ டிக்கெட்டை விட்டுடறதா? ஆர்லாண்டோவுலயே இருக்கற இன்னொரு பார்க், சீ வேர்ல்டு, ராணுவக் குடும்பங்களுக்கு இலவசம்னு யாரோ சொன்னாங்க, நிஜமா?

#8 மூன்றுபட்டை

நிஜம். வேவ்ஸ் ஆஃப் ஹானர் என்று பெயர். ஆக்டிவ் டியூட்டியில் இருப்பவருக்கும், கூட மூன்று டிப்பெண்டன்டுகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாள் இலவசம். சீ வேர்ல்டு போனால் அந்த ஆண்டுக்கு அதே நிறுவனத்தின் டாம்பா புஷ் கார்டன்ஸ் பார்க் இல்லை, ஏதாவது ஒன்றுதான்.

இதில் தவறு நடக்கிற இடங்கள்:

வாசலில் போய் ஐடியை நீட்டினால் கிடைக்காது. வீட்டிலிருந்தே இணையத்தில் ஐடி-மீ என்ற அடையாளச் சரிபார்ப்புத் தளம் வழியாகச் சரிபார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். கணவர் பெயரில்தான் சரிபார்ப்பு, அவர் போன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் களப் பயிற்சியில் இருக்கும் வாரத்தில் இதை முயலாதீர்கள்.

அத்தை டிப்பெண்டன்ட் ஆக மாட்டார். அவருக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சீ வேர்ல்டு டிக்கெட்டை வாசல் விலைக்கு வாங்கவே கூடாது, இணையத்தில் எப்போதும் குறைவாக இருக்கும். பையனுக்கு எப்படியும் இலவசம் என்பதால் அவனுக்கு ஓர் இடத்தை வீணாக்க வேண்டாம்.

பார்க்கிங் இதில் சேராது.

#9 கணக்குப்பிள்ளை

அப்ப இப்படி:

டிஸ்னி சாதா டிக்கெட், ரெண்டு நாள். விலை தேதியைப் பொறுத்தது. கூட்டம் இல்லாத வாரத்துக்கு ஆளுக்கு 285ன்னு வச்சா நாலு பேருக்கு 1,140, விற்பனை வரி 6.5 சதவீதம் சேர்த்து 1,214. சீ வேர்ல்டு அத்தைக்கு 80. பார்க்கிங் டிஸ்னி 60, சீ வேர்ல்டு 35. ரூம் மூணு ராத்திரி 409. பெட்ரோல் 72, டோல் 15. மளிகை 110, வெளிச்சாப்பாடு 150.

கூட்டினா 2,145. கையில 55.

ரெண்டு நாள் சாதா டிக்கெட்டை, தொடக்க நாள்லேர்ந்து நாலு நாளுக்குள்ள எந்த ரெண்டு நாளும் பயன்படுத்தலாம். அதனால நடுவுல சீ வேர்ல்டைச் செருகலாம். ராணுவ முகாம்ல இருக்கற லெஷர் டிராவல் ஆபீஸ்ல (சலுகை டிக்கெட் விக்கற அலுவலகம்) இந்த சாதா டிக்கெட்டோட விலையையும் கேளுங்க. ராணுவ டிக்கெட் மட்டும்தான் அங்க விக்கறாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க.

55 டாலர் இடைவெளி ரொம்பக் குறுகல்னு பட்டா, டிஸ்னியை ஒரே நாளாக்குங்க. 500க்கு மேல மிச்சமாகும்.

#10 கப்பல்தாத்தா

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். இந்தப் பட்ஜெட்டுக்கு அதுதான். ஆனால் 2,700 வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்ன இரண்டாகப் பிரிக்கும் வழியை மறக்க வேண்டாம்.

#11 தென்றல்_டாம்பா

இடையில் ஒரு கேள்வி. நாலு வருடம் சர்வீஸ் முடித்து வெளியே வந்தவர், விஏ (முன்னாள் படைவீரர் துறை) 30 சதவீத ஊனக் கணக்கு. சல்யூட் டிக்கெட், ஷேட்ஸ் இரண்டும் கிடைக்குமா?

#12 கப்பல்தாத்தா

சல்யூட் டிக்கெட் கிடையாது. அது பணியில் இருப்பவர், முறையாக ஓய்வுபெற்றவர், சேவை தொடர்பான 100 சதவீத ஊனம் உள்ளவர், இவர்களுக்கும் இவர்கள் துணைக்கும்தான். ஷேட்ஸ் கிடைக்கும். 2020 ஜனவரி 1 முதல், சேவை தொடர்பான ஊனம் எத்தனை சதவீதமாக இருந்தாலும் தங்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. விஏ மருத்துவ அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். சீ வேர்ல்டு தரப்பில் முன்னாள் வீரர்களுக்கு எல்லா மாதமும் இலவசம் இல்லை, அவ்வப்போது தனியாக அறிவிப்பார்கள்.

#13 கிசிம்மிக்காரி

மருதாணி, நாள் வாரியா எழுதறேன், பிடிச்சதை எடுத்துக்கோங்க.

ஞாயிறு: மதியம் கிளம்பினா போதும். ஐ-95 பிடிச்சு டேடோனாவுல ஐ-4. ஆர்லாண்டோ ஊருக்குள்ள ஐ-4 எப்ப அடைக்கும்னு சொல்ல முடியாது. சான்ஃபோர்டுல 417 டோல் ரோட்டுக்கு மாறிடுங்க, டிஸ்னி பக்கமே இறக்கி விட்டுடும்.

திங்கள், மேஜிக் கிங்டம்: கார் நிறுத்தற இடத்துக்கும் பார்க் வாசலுக்கும் நடுவுல ஒரு ஏரி இருக்கு. டிராம், அப்புறம் மோனோரெயில் இல்லன்னா படகு. கூகுள் காட்டற நேரத்துக்கு மேல 45 நிமிஷம் போட்டுக்கோங்க. அத்தைக்குப் படகுதான் சுகம், மோனோரெயிலுக்கு சாய்வுப் பாதை ஏறணும். முழங்கால் வலின்னா சக்கர நாற்காலியை யோசிக்காம எடுத்துடுங்க. நாள் முடியறப்ப சாதாரண ஆளே ஏழெட்டு மைல் நடந்திருப்பாங்க.

2 வயசுக்காரனுக்கு உயரம் பார்க்காத சவாரி அங்கதான் நிறைய: டம்போ, பீட்டர் பேன், ஸ்மால் வேர்ல்டு, ஜங்கிள் குரூஸ். பொண்ணு ஸ்பேஸ் மவுண்டன் கேட்டா 44 அங்குலம் வேணும், டிரானுக்கு 48. வீட்டுலயே ஷூவோட அளந்துட்டுப் போங்க, வாசல்ல அளந்து அழ வைக்க வேண்டாம். பெரிய சவாரிக்கு ரைடர் ஸ்விட்ச் கேளுங்க. ஒருத்தர் பொண்ணோட ஏறுவாங்க, இன்னொருத்தர் பையனோட நிப்பாங்க, அப்புறம் மாத்திக்கலாம், வரிசை மறுபடி நிக்க வேண்டியதில்லை. காசும் கிடையாது.

லைட்னிங் லேன் (காசு கட்டிக் குறுகிய வரிசையில போற வசதி) வாங்காதீங்க. அந்த வாரத்துல திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னா தேவைப்படாது.

செவ்வாய், சீ வேர்ல்டு: நின்னு நிதானமா. காட்சிகள் எல்லாம் உட்கார்ந்து பார்க்கறது, அத்தைக்கு ஓய்வு நாள் மாதிரி.

புதன், அனிமல் கிங்டம்: கிளிமஞ்சாரோ சஃபாரியைக் காலையில முதல்ல. சீக்கிரம் மூடற பார்க், அதனால அங்கிருந்து நேரா ஊருக்குக் கிளம்பிடலாம், நாலாவது ராத்திரி ரூம் வேண்டாம்.

சாப்பாடு: டிஸ்னி உள்ளே வெளிச்சாப்பாட்டை விடறாங்க. கண்ணாடிப் பாட்டில், மது, உதிரி ஐஸ் கூடாது. ஐஸுக்குப் பதில் தண்ணி பாட்டிலை உறைய வச்சு எடுத்துட்டுப் போங்க. கூலர் பை 24க்கு 15க்கு 18 அங்குலத்துக்குள்ள. புளியோதரை, எலுமிச்சை சாதம், பொடி தடவின இட்லி, சப்பாத்தி ரோல் எல்லாம் தாங்கும். தயிர் சாதம் மதியத்துக்கே புளிச்சுடும், ரூமுக்கு வந்து சாப்பிட்டுக்கலாம். கவுன்டர் கடைகள்ல ஐஸ் தண்ணி கேட்டா இலவசமாக் கொடுப்பாங்க. அனிமல் கிங்டம்ல சதூலி கேன்டீன்ல டோஃபு கிண்ணம் கிடைக்கும், காரமும் கொஞ்சம் இருக்கும்.

மளிகையை ஸ்டூவர்ட் கமிசரியிலயே (ராணுவ மளிகைக் கடை) வாங்கிட்டு வந்துடுங்க. 5 சதவீத சர்சார்ஜ் போட்டாலும் டூரிஸ்ட் ஏரியாக் கடையை விடக் குறைச்சல்தான். தள்ளுவண்டி உங்களோடதையே கொண்டு வாங்க. 31க்கு 52 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, இழுக்கற வேகன் வண்டியை உள்ளயே விடமாட்டாங்க. ராத்திரி குளிரும், அத்தைக்கு ஸ்வெட்டரும் சாலும் பையில இருக்கட்டும்.

#14 மருதாணி

அக்கா, பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டியாச்சு. கடைசிக் கேள்வி: லீவ் கடைசி நேரத்துல கேன்சல் ஆனா எவ்வளவு போகும்?

#15 மூன்றுபட்டை

அதற்கும் சாதா டிக்கெட்தான் வசதி. அதற்கும் பணம் திரும்ப வராது, ஆனால் முழுக்கப் பயன்படுத்தாமல் இருந்தால் கட்டிய தொகையை வேறு தேதி டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம், வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் அவர் லீவை இப்ஸ்-ஏவில் (ராணுவத்தின் இணையவழி பணியாளர் நிர்வாக அமைப்பு) போட்டு ஒப்புதல் வாங்கட்டும். ஞாயிறு மதியமே 250 மைல் தள்ளிப் போவதற்கு பாஸ் (அனுமதிச் சீட்டு) தேவையா என்று யூனிட்டில் கேட்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு யூனிட்டும் ஒவ்வொரு தூரம் வைத்திருக்கும். ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போதே, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய ரூமைப் பிடித்து வையுங்கள். 10 டாலர் குறைவு என்று ரத்து செய்ய முடியாத ரேட்டுக்குப் போகாதீர்கள். ஒப்புதல் வந்த பிறகு டிஸ்னி டிக்கெட். சீ வேர்ல்டு இலவச டிக்கெட்டைப் பயணத்துக்கு முந்தைய வாரம் எடுத்தால் போதும், அத்தையுடையதையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

பயணக் காப்பீடு வாங்குவதாக இருந்தால், லீவ் ரத்தானால் பணம் வருமா என்று பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று படியுங்கள். பல மலிவு பாலிசிகளில் இருக்காது, இருந்தாலும் கமாண்டரின் கடிதம் கேட்பார்கள்.

#16 கிசிம்மிக்காரி

டோலுக்கு தனியா ஃபுளோரிடாவோட சன்பாஸ் (டோல் கட்டற மின்னணு வில்லை) வாங்க வேண்டாம். உங்ககிட்ட அதே மாதிரி ஜார்ஜியாவோட பீச் பாஸ் இருந்தா ஃபுளோரிடாவுலயும் செல்லும். எதுவும் இல்லாமப் போனா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு பில் அனுப்புவாங்க, அதுல கூடுதலாப் பிடிப்பாங்க.